சரளையில் நாலு முட்டை

அத்தியாயம் 5

இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம் சங்கிலி உரசியது. அப்புறம் பூட்டு விழுந்தது. அப்புறம் ஒரு வேன் கிளம்பிப் போனது. எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. புல்வெளியின் நடுவில் நின்றிருந்த நான்கு பேரும் அடித்துப் பிடித்து ஓடிவந்தபோது, கேட்டின் கம்பிக்குப் பின்னால் இருந்தது மூன்று நாய்கள் மட்டும்தான். மூன்றும் கன்றுக்குட்டி உயரம்.

"நம்மள உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க அக்கா," என்றான் ஒட்டடை. "நாய்ங்களைப் பார்த்தா அதுங்களுக்குச் சாப்பாட்டு நேரம் மாதிரி இருக்கு."

யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவில் நிறுத்திச் சொன்னால் கதை ஆறிப்போகும்.

தராசு அக்காதான் துப்பறிகிறவள். இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தாள். எரிந்துபோன கடைகளைப் பார்த்து, இது தானாகப் பிடித்த தீ, இது பிடிக்கவைத்த தீ என்று நிறுத்துச் சொன்னதால் வந்த பட்டப்பெயர் அது. ஒட்டடை அவளுடைய உதவியாள். உயரம் ஆறடி இரண்டங்குலம். அகலம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. வயது முப்பத்தாறு. வாய்க்கு மட்டும் இன்னும் வயது வரவில்லை.

கேஸ் கொடுத்தவர் நர்ஸம்மா. பெரிய ஆஸ்பத்திரியில், ஜன்னலே இல்லாத வார்டில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். மூன்று மாதம் முன்னால் ஓய்வு பெற்றார். கிடைத்த பணத்தை அப்படியே இந்த இரண்டரை ஏக்கர் புல்வெளியில் போடுவதாக முடிவு செய்துவிட்டார். வீடு கட்ட இல்லை. மரம் நட்டு, வேலி போட்டு, பறவைக்கும் முயலுக்கும் விட்டுவிட. "உனக்கு என்ன கிறுக்கா?" என்று கேட்காத சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை.

நான்காவது ஆள் பச்சை அண்ணன். செடி வளர்த்து விற்கிற நர்சரி வைத்திருப்பவர். எந்நாளும் பச்சைச் சட்டைதான். நர்ஸம்மா கேட்ட நானூறு மரக்கன்றுகளும் அவர் நர்சரியில்தான் பையில் தயாராக நிற்கின்றன. பன்னிரண்டு வருஷமாக இந்தப் புல்வெளியைச் சும்மாவே கவனித்துக்கொள்கிறவர். பக்கத்தில் இருக்கிற பால்பண்ணையின் முற்றம் வழியாக வாரத்துக்கு இரண்டு தடவை வந்துபோகிற மனுஷன்.

இன்று மாலை நான்கு மணிக்குள் பதிவு ஆபீசில் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. நிலத்தை விற்கிற பையன் வெளிதேசத்தில் வேலை பார்க்கிறவன், ராத்திரி விமானம். "நாலு மணி ஒரு நிமிஷம் ஆனாலும் நான் வேற ஆளுக்குக் கொடுத்துட்டுப் போயிடுவேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தான்.

இப்போது மணி ஒன்று பத்து.

இதில் நேற்று ராத்திரி வேறு நர்ஸம்மா வீட்டுக் கதவுக்கடியில் ஒரு மொட்டைக் கடுதாசி. பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. ஒரே வரி: "அந்த இடத்தை வாங்கினால் உள்ளே போகலாம், வெளியே வர வழி கிடையாது."

அதை எடுத்துக்கொண்டுதான் காலையில் தராசு அக்காவிடம் வந்தார் நர்ஸம்மா. அப்போது கூடவே வந்திருந்த பச்சை அண்ணன்தான் சமாதானம் சொன்னார். "எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் எழுதியிருக்கான். வாங்க, நேர்ல போய்ப் பார்த்துடலாம். பால்பண்ணைக்காரன்கிட்ட நான் சொல்லிட்டேன், அவன் முற்றம் வழியா விடுவான். பத்து நிமிஷ வேலை." அவருடைய ஜீப்பிலேயே எல்லாரும் வந்தார்கள்.

"எழுதினவன் நல்லவன்தான் அக்கா," என்றான் ஒட்டடை. "சொன்னபடி செஞ்சிருக்கான். உள்ள வந்தோம், வெளிய போக முடியலை."

"வாயை மூடிட்டு போனைப் பாரு."

"பார்த்தாச்சு. இது பள்ளம், ஒரு கோடுகூட வரலை. நர்ஸம்மா போன் ஜீப்ல. ஜீப் முற்றத்துல, நாய்க்கு அந்தப் பக்கம்."

தராசு அக்கா சுற்றிலும் பார்த்தாள். கிழக்கே கால்வாய், இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடுகிறது. தெற்கே கல் வெட்டி எடுத்த பள்ளம். எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். வடக்கே பால்பண்ணைச் சுவரும் இந்தக் கேட்டும். சுவர் மேல் வரிசையாகக் கண்ணாடிச் சில்லு. மேற்கே ஆள் உயரத்துக்கு மேல் முள்வேலி, அதற்கு முன்னால் வரிசையாக இளமரங்கள். நடுவில் இடுப்பளவு புல் காற்றில் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. அழகான இடம்தான். ஜெயிலுக்குப் புல் முளைத்த மாதிரி.

"நான் ஏறிப் பார்க்கிறேன்," என்று ஒட்டடை கேட்டில் கால் வைத்தான். கம்பிக்கு நடுவில் ஒரு நாய் மூக்கை விட்டு அவன் இடதுகால் செருப்பைக் கவ்வி வாங்கிக்கொண்டது. அவன் இறங்கிவிட்டான்.

"என்னடா?"

"நுழைவுக் கட்டணம் ஒரு செருப்பாம். முழங்கால் வரைக்கும் கேக்குது, என்கிட்ட சில்லறை இல்லை."

நர்ஸம்மா சிரிக்கவில்லை. அவருக்குப் போன வருஷம்தான் வலது முழங்காலில் ஆபரேஷன். ஏறவும் முடியாது, குதிக்கவும் முடியாது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். "ஐசியூல நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன், பயப்படாதீங்க, இங்கிருந்து வெளிய போயிடலாம்னு," என்றார் மெல்ல. "சொல்றது சுலபம்."

"எல்லாம் இந்தப் பால்பண்ணைக்காரன் வேலை," என்றார் பச்சை அண்ணன். "ரெண்டு தடவை இந்த இடத்தைப் புல்லுக்காகக் கேட்டான். கிடைக்கலைன்னு ஆத்திரம். என்கிட்ட சரி சரின்னு தலையாட்டிட்டு இப்படிப் பண்ணிட்டான் பாருங்க, படுபாவி."

"எப்ப திரும்பி வருவாரு?"

"அஞ்சு மணிக்குக் கறவை இருக்கு. அதுக்கு வந்துதான் ஆகணும். அதுவரைக்கும் வேற வழியில்லை, உக்காருங்க."

அவர் சுவர் நிழலில் உட்கார்ந்தார். தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து, ஒரு பெரிய பாட்டில் தண்ணீர், இன்னொரு பெரிய பாட்டில் தண்ணீர், இரண்டு பாக்கெட் பிஸ்கட், அன்றைய பேப்பர், ஒரு துணித்தொப்பி எல்லாவற்றையும் வெளியே வைத்தார். பேப்பரில் ஒரு தாளைப் பிரித்து நர்ஸம்மா உட்காரத் தரையில் விரித்தார்.

"அண்ணன் முன்ஜாக்கிரதைக்காரர்," என்று ஒட்டடை பிஸ்கட்டை எடுத்துக்கொண்டான். "பத்து நிமிஷ வேலைக்கு நான் வெறும் கையோட வந்துட்டேன். ஒரு தலகாணி மட்டும்தான் விட்டுப்போச்சு போல."

"வெயில்ல வேலை செய்யறவன் தம்பி நான். பை எப்பவும் இப்படித்தான் இருக்கும்."

தராசு அக்கா பையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். கையில் இருந்த குடையை ஊன்றிக்கொண்டு, கால்வாய் ஓரத்திலிருந்து நிலத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். பின்னாலேயே ஒற்றைச் செருப்போடு ஒட்டடையும் போனான். நர்ஸம்மாவும் உட்காரவில்லை, நொண்டிக்கொண்டே வந்தார். வேறு வழியில்லாமல் பச்சை அண்ணனும் எழுந்தார்.

ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு மேற்கே வந்து சேர்ந்தார்கள். முள்வேலியை ஒட்டி ஐம்பது மரம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி ஊன்றி, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, தண்டு அறுபடாமல் எட்டு வடிவத்தில் கட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு தகரச் சீட்டு. அதில் மரத்தின் பெயரும் நட்ட தேதியும்.

"எல்லாம் நான் நட்டது," என்றார் பச்சை அண்ணன். "மூணு வருஷம் ஆச்சு. ஒரே நாள்ல நட்டேன். காசு வாங்கலை."

"ஒரே நாள்லயா?" தராசு அக்கா நின்றாள். "அப்ப இது ஏழும் ஏன் இப்படி?"

வரிசையின் நடுவில் அடுத்தடுத்து ஏழு மரங்கள் முழங்கால் உயரம்தான் இருந்தன. இரண்டு பக்கமும் இருந்தவை ஒட்டடைக்கு மேல் வளர்ந்திருந்தன. வாயில் முன்பல் வரிசை விழுந்த மாதிரி இருந்தது அந்த இடம்.

"ஆடு மேஞ்சிடுச்சும்மா. அந்த வருஷமே கடிச்சுப் போட்டுடுச்சு. பார்த்தா வயிறெரியுதுன்னு அதுக்கப்புறம் நான் இந்த மூலைக்கே வரதில்லை."

"ஆடா?" ஒட்டடை நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்தான். "கால்வாய் நீந்தி வந்துச்சா, இல்லை பள்ளத்துல ஏணி போட்டு வந்துச்சா? பால்பண்ணை வழியா வந்திருந்தா நாய்க்கு ஒரு செருப்பு கொடுத்திருக்கணும். ஆட்டுக்கு நாலு."

தராசு அக்கா குனிந்து ஒரு செடியின் நுனியை விரலால் தொட்டாள். ஆடு வாய் வைத்தால் முதலில் போவது நுனிதான். இங்கே ஏழு செடியிலும் நுனிக்கொழுந்து முழுசாக இருந்தது. எதுவும் கடிபடவில்லை. வளரவில்லை, அவ்வளவுதான்.

அவள் நிமிர்வதற்குள் தலைக்கு மேல் ஒரு பறவை கத்திக்கொண்டு பாய்ந்தது. நீளமான மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்பு. ஒட்டடையின் உச்சந்தலையை உரசிப் போய், திரும்பி, மறுபடி பாய்ந்தது.

"நான் என்ன தப்பு பண்ணேன்? நாய் கடிக்குது, குருவி கொத்துது," என்று அவன் தலையைப் பொத்திக்கொண்டு பின்பக்கமாக நகர்ந்தான். வெறுங்கால் மேலே எழுந்தது.

"கால் வைக்காதே." பச்சை அண்ணனின் குரல்தான். கத்தவில்லை, ஆனால் கத்தி மாதிரி வந்து விழுந்தது. "அப்படியே நில்லு. அசையாதே. உன் குதிகாலுக்குக் கீழ நாலு முட்டை இருக்கு."

ஒட்டடை கொக்கு மாதிரி நின்றான். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். குட்டைச் செடிகளுக்கு நடுவில் புல் இல்லாத ஒரு கையகல இடம். அங்கே கல்தான் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. தராசு அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் நான்கு கற்கள் முட்டையாக மாறின. அதே பழுப்பு நிறம், அதே கறுப்புப் புள்ளி.

"ஆட்காட்டி," என்றார் நர்ஸம்மா. முழங்கால் வலியையும் மறந்து பாதி குனிந்திருந்தார். முகத்தில் இருந்த பயம் அந்த ஒரு நிமிடம் எங்கேயோ போயிருந்தது. "இது கூடு கட்டாது. வெட்டவெளியில தரையிலயே வைக்கும். முட்டை கல்லு மாதிரி இருக்கணும்ல, அதனால சரளைக்கல் கிடக்கிற இடமாப் பார்த்துத்தான் வைக்கும். புல்லுக்குள்ள வைக்காது."

"சரளைதானா? வேற எங்கயும் வைக்காதா?" என்றாள் தராசு அக்கா.

"கல்லு வேணும் அதுக்கு."

தராசு அக்கா குடையைத் திருப்பிப் பிடித்து, நுனியால் முட்டைக்கு நான்கடி தள்ளித் தரையைக் குத்தினாள். டொக் என்றது. இன்னும் தள்ளி, பெரிய மரங்கள் இருந்த இடத்தில் குத்தினாள். குடை ஒரு சாண் இறங்கியது. திரும்பவும் குட்டைச் செடிகளுக்கு நடுவில்: டொக். ஏழு செடி அகலத்துக்கு டொக், டொக், டொக். அதற்குப் பிறகு பொத்.

"ஒட்டடை, காலை முன்பக்கமா இறக்கு. இறக்கிட்டு அந்த வேலியைப் பிடிச்சு இழு."

"முள்ளு அக்கா."

"கையில குடை இருக்கு, இந்தா. கொக்கியைப் போட்டு இழு."

குடைக்கொக்கியை வேலியில் மாட்டி அவன் முழு பலத்தோடு இழுத்தான். அவ்வளவு பலம் தேவைப்படவில்லை. வேலியில் பாதி அவன் மேலேயே வந்து விழுந்தது. மேலே படர்ந்திருந்த கொடிதான் பச்சை. உள்ளே இருந்ததெல்லாம் வெட்டி அடுக்கிய காய்ந்த முள். ஒன்றுக்கும் வேர் இல்லை.

இன்னும் நான்கு இழுப்பு. முள்ளுக்குப் பின்னால் இரண்டு கல்தூண்கள் தெரிந்தன. ஒன்றில் துருப்பிடித்த இரும்பு வளையம். தூண்களுக்கு நடுவில் ஒரு வண்டி தாராளமாகப் போகிற அகலத்தில், புல் மூடிக் கிடந்தது பழைய சரளைப் பாதை. தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"வழி," என்றார் நர்ஸம்மா.

"வண்டிப் பாதைம்மா. நூறு வருஷம் வண்டி ஏறி இறங்கி இறுகின மண்ணு. அதுல செடி வெச்சா வேர் எப்படி இறங்கும்? அதான் குட்டையா நிக்குது." தராசு அக்கா வாட்சைப் பார்த்தாள். இரண்டு ஐம்பது. "வாங்க, நடங்க."

நர்ஸம்மா நகரவில்லை. "முதல்ல அந்த முள்ளை எல்லாம் அந்தப் பக்கம் தள்ளு தம்பி. முட்டைக்குப் பக்கத்துல போடாதே. அது திரும்பி வந்து உக்காரணும்."

"அம்மா, நாலு மணி."

"தெரியும்ப்பா. தள்ளு."

ஒட்டடை தள்ளினான். அவனுக்கு முன்னால் பச்சை அண்ணன் குனிந்து, வெறும் கையால் முள்ளை எடுத்துத் தூரமாக வைத்துக்கொண்டிருந்தார். விரலில் ரத்தம் வந்தது. அவர் பார்க்கவில்லை.

முந்நூறு அடி நடந்தால் மெயின்ரோடு. ஆனால் ரோடு காலியாகக் கிடந்தது. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, ஒட்டடையின் போனில் இன்னும் ஒரு கோடும் இல்லை. டவுனுக்கு இருபது நிமிஷம், அதுவும் வண்டியில் போனால். மூன்று ஐந்து ஆனது. மூன்று பத்து ஆனது. உள்ளே பூட்டப்பட்டிருந்தபோது இருந்ததைவிட, வெளியே வந்து நிற்பதுதான் நர்ஸம்மாவுக்குத் தாங்கவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

அப்போது வளைவில் ஒரு வேன் வந்தது. பின்னால் பால் கேன்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. ஒட்டடை நடு ரோட்டில் போய்க் கையை விரித்து நின்றான்.

"யோவ், சாக ஆசையா?" என்று தலையை நீட்டினார் பால்பண்ணைக்காரர். உருண்டையான மனுஷன், தோளில் துண்டு.

"கொல்ல ஆசை உங்களுக்குத்தான். நாலு உசிரை உள்ள வெச்சுப் பூட்டிட்டு, நாயையும் அவுத்து விட்டுட்டு ஹாயாப் பால் ஊத்தக் கிளம்பிட்டீங்களே. என் செருப்பு எங்க?"

"யாரைப் பூட்டினேன்? எங்க?"

"புல்வெளியில. மத்தியானம் ஒரு மணிக்கு."

"ஒரு மணிக்குத் தினம்தான் பூட்டறேன். பூட்டு, நாய், வேன், இதான் என் வழக்கம். உள்ள ஆள் இருக்குன்னு என்கிட்ட யாரும் சொல்லலையே." அவர் கண் பச்சை அண்ணன் மேல் விழுந்தது. "என்னண்ணே, நீங்களுமா உள்ள இருந்தீங்க? முற்றத்துல ஜீப் நின்னுச்சு, வண்டியை விட்டுட்டு எங்கயோ போயிருக்கீங்கன்னு நினைச்சேன். நீங்க கூட்டிட்டு வந்தீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒரு மணிக்குப் பூட்டுவேன்னு உங்களுக்குத் தெரியாதா? பன்னெண்டு வருஷமா என் முற்றம் வழியாத்தானே போறீங்க வரீங்க."

எல்லாரும் பச்சை அண்ணன் பக்கம் திரும்பினார்கள்.

"சொல்லிட்டேன்னீங்களேண்ணா," என்றார் நர்ஸம்மா.

பச்சை அண்ணன் ரத்தம் வந்த விரலைச் சட்டையில் துடைத்தார்.

"அவர் சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன்," என்றாள் தராசு அக்கா. "பத்து நிமிஷ வேலைக்கு நாலு மணி நேரத்துக்கான தண்ணியோட வந்தீங்க. அஞ்சு மணிக்குத்தான் கேட் திறக்கும்னு உங்களுக்குக் கிளம்பறப்பவே தெரியும். அது பரவாயில்லை, பை எப்பவும் அப்படித்தான்னு சொல்லிடலாம். ஆடு மேஞ்சதுன்னீங்க. வேத்து ஆள் சொன்னா நம்பலாம். கன்னு வளர்க்கிறவருக்கு நுனி கடிபட்டதும் வேர் இறங்காததும் வித்தியாசம் தெரியாதா? அதையும் விடுங்க. மூணு வருஷமா அந்த மூலைக்கே போகலைன்னு சொன்னவருக்கு, பத்தடி தூரத்துல இருந்து, நாங்க குனிஞ்சு பார்த்தும் தெரியாத முட்டை, நாலுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"கால் வெச்சிருப்பான்," என்றார் பச்சை அண்ணன். அது பதிலா, வேறு யாருக்கோ சொன்னதா என்று தெரியவில்லை. "இன்னும் நாலு நாள்ல பொரிஞ்சிடும். சும்மா இருந்திருந்தா நீங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க. சும்மா இருக்க முடியலை."

"வேன்ல ஏறுங்க எல்லாரும்," என்றாள் தராசு அக்கா. "மிச்சத்தைப் போற வழியில பேசலாம்."

பால்பண்ணைக்காரர் வேனை விரட்டினார். நர்ஸம்மா முன்சீட்டில், மற்ற மூவரும் பின்னால், கேன்களுக்கு நடுவில், முட்டியை மடக்கிக்கொண்டு. இரண்டுக்கும் நடுவில் இருந்த கம்பி ஜன்னல் வழியாகத்தான் பேச்சு. ஒட்டடை மூன்று கேனுக்கு நடுவில் மடிந்திருந்தான். "ஜெயில்ல இருந்து தப்பிச்சு டப்பாவுக்குள்ள வந்தாச்சு," என்றான்.

"அந்தப் பாதையை அடைச்சது நான்தான்," என்றார் பச்சை அண்ணன். "மூணு வருஷம் முன்னால செங்கல் சூளைக்காரன் வந்தான். மண்ணு நல்லா இருக்கு, பத்தடிக்கு வெட்டி எடுக்கலாம்னு கணக்குப் போட்டான். லாரி வர வழி இல்லைன்னா எடுக்க முடியாதுல்ல. அதான் ராவோட ராவா முள்ளை அடுக்கி, முன்னால மரத்தை நட்டேன். மூணு தடவை வந்து பார்த்தான். வழியில்லைன்னு போயிட்டான். நான் அன்னைக்கு அடைக்கலைன்னா இன்னைக்கு அங்க புல்வெளியே இல்லை."

"அது சரி," என்றார் நர்ஸம்மா ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து. "நான் என்ன சூளையா போடப் போறேன்?"

"நீங்க நானூறு மரம் நடப் போறீங்கம்மா."

"நீங்கதானே அண்ணா அந்த நானூறையும் எனக்கு விக்கறீங்க?"

"வித்தேன். வித்துட்டுத் தூங்கலை. ஆட்காட்டிக்கு வெட்டவெளி வேணும். தூரத்துல நரி வரதும் நாய் வரதும் தெரியணும் அதுக்கு. மரம் வந்துடுச்சுன்னா மறைச்சிடும், அந்தக் குருவி போயிடும். புல்லுல இருக்கிற முயல், காடை எல்லாம் போயிடும். நல்லது பண்றேன்னு நினைச்சு நீங்க அதை அழிச்சிடுவீங்க. ஒப்பந்தம் ரத்தானா அந்தப் பையன் எனக்கே தரேன்னு சொல்லியிருக்கான். என் வீட்டை அடமானம் வெச்சு வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

நர்ஸம்மா, வார்டில் மாத்திரையைத் துப்பிவிட்ட நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னார். "எங்க வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லணும். சொல்லாம கட்டிலை உடைச்சா டாக்டருக்கு என்ன தெரியும்? ஓரத்துல மட்டும் நடுங்க, நடுவை விட்டுடுங்கன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? எனக்கு மரமும் தெரியாது, குருவியும் முழுசாத் தெரியாது. ஜன்னல் இல்லாத இடத்துல இருந்து வரேன் அண்ணா."

பச்சை அண்ணன் பக்கத்தில் குலுங்கிய கேனின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"கடுதாசி எழுதினதும் நீங்கதானா?" என்றாள் தராசு அக்கா.

"அது நான் இல்லை," என்றார் பச்சை அண்ணன் சட்டென்று. "பாதையை அடைச்சேன், கேட்டுக்குள்ள மாட்டி வெச்சேன், ஒத்துக்கிறேன். தனியா இருக்கிற பொம்பளைக்கு மொட்டைக் கடுதாசி போட்டு மிரட்டற ஆள் இல்லை நான்."

பால்பண்ணைக்காரர் திரும்பிப் பார்க்காமலே, "என்னைப் பார்க்காதீங்க, எனக்கு எழுதவே வராது," என்றார்.

பதிவு ஆபீஸ் வாசலில் வேன் நின்றபோது மூன்று நாற்பத்திரண்டு. விற்கிற பையன் பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். குமாஸ்தா பேனாவை மூடி வைக்கப் போனவர், நர்ஸம்மாவைப் பார்த்து மறுபடி திறந்தார்.

"எல்லாம் ரெடி. ஒரே ஒரு விஷயம்," என்றார் குமாஸ்தா. "பழைய பத்திரத்துல மேற்கால பன்னெண்டு அடி வண்டிப் பாதைன்னு இருக்கு. புது வரைபடத்துல இல்லை. பாதையைப் புதுப் பத்திரத்துல ஏத்தணும்னா, விக்கிறவர், வாங்கறவர் தவிர நிலம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பாதை இருக்குன்னு சாட்சிக் கையெழுத்துப் போடணும். இல்லைன்னா பாதை இல்லாமத்தான் பதிய முடியும்."

"நான் போடறேன்," என்றான் ஒட்டடை.

"நிலத்தை எத்தனை வருஷமாத் தெரியும்?"

"ரெண்டே முக்கால் மணி நேரமா."

குமாஸ்தா அவனைத் தாண்டிப் பார்த்தார். எல்லாரும் திரும்பினார்கள். பச்சை அண்ணன் கதவோரம் நின்றிருந்தார். அந்த அறையில் ஒரே கதவுதான். அதில் பால்பண்ணைக்காரர் அகலமாக நின்றிருந்தார். மூன்று வருஷம் மூடி வைத்த பாதையை, இருக்கிறது என்று இவரே எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் நர்ஸம்மா வாங்குவது கடுதாசியில் சொன்ன அதே நிலம்தான்: உள்ளே போகலாம், வெளியே வர வழி கிடையாது.

மணி மூன்று ஐம்பத்தொன்று.

அவர் மேஜைக்கு வந்தார். குமாஸ்தா தன் பேனாவை நீட்டினார். பழக்கதோஷம், பச்சை அண்ணனின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், தன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியது. தடிமனான கறுப்புப் பேனா. தகரச் சீட்டில் மரத்தின் பெயர் எழுதுகிற பேனா. காகிதத்தில் நுனி படுவதற்கு ஒரு நூல் இருக்கும்போது கை நின்றது.

நர்ஸம்மா கைப்பையைத் திறந்து மொட்டைக் கடுதாசியை எடுத்துப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தாள் காய்ந்து, சுருங்கி, பழுப்பேறியிருந்தது.

"நேத்து ராத்திரி நல்ல மழை," என்றார். "வாசல் தண்ணி உள்ள வந்து இது மிதந்துகிட்டு இருந்துச்சு. பிழிஞ்சு கொடியில காயப்போட்டேன். ஒரு எழுத்துகூடக் கலங்கலை அண்ணா. இது என்ன மையா இருக்கும்னு நேத்துல இருந்து யோசிச்சிட்டே இருந்தேன். இன்னைக்கு உங்க மரத்துல தொங்கற சீட்டைப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. மூணு வருஷ மழை பார்த்த எழுத்து."

"வேன்ல கேட்டப்ப ஏம்மா சொல்லலை?" என்றாள் தராசு அக்கா.

"அவரே சொல்லுவாருன்னு பார்த்தேன்."

பச்சை அண்ணன் கழுத்துவரை சிவந்துபோனார். குமாஸ்தாவின் பேனாவைத் தேடி இடதுகை நீண்டது.

"வேண்டாம்," என்றார் நர்ஸம்மா. "உங்க பேனாவுலயே போடுங்க. ஏழு கன்னையும் நீங்கதான் தோண்டி எடுத்து ஓரத்துல வைக்கணும், அந்தக் கட்டு வேற யாருக்கும் போட வராது. முட்டை பொரிஞ்சப்புறம் வந்தா போதும். புது வழியாவே வாங்க."

பச்சை அண்ணன் குனிந்து எழுதினார். நிதானமாக, தகரத்தில் எழுதுகிற மாதிரி அழுத்தி.

நர்ஸம்மா கையெழுத்தைப் பார்த்தார். "மழை பெஞ்சா நிக்கும்ல?"

"நிக்கும்மா," என்றார் பச்சை அண்ணன்.

நர்ஸம்மாவும் விற்கிற பையனும் தங்கள் கையெழுத்தைப் போட்டதும், குமாஸ்தா முத்திரையை ஓங்கிக் குத்தினார். சுவர்க் கடிகாரத்தில் நான்கு அடிக்க இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.